பக்க இடைவெளி ஐந்தடி

ஜனவரி 8

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வருடம் கழித்து அண்ணிக்கு என்ன திடீர்ப் பாசம் என்று நினைப்பாய். பாசம் பாதி, காரியம் பாதி. காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் நிலத்தில் என் பாதியில் ஒரு வீடு வைக்கப் போகிறேன். கட்டப் போவதில்லை, வைக்கத்தான் போகிறேன். தொழிற்சாலையிலேயே முழுசாகச் செய்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேனால் இறக்கிவிடுவார்கள். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், குளியலறை, சமைக்க ஒரு மூலை. முப்பத்தெட்டு வருடம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து, "ரெடிமேட் வாங்காதீங்க, உடம்புக்குப் பொருந்தாது" என்று எல்லோருக்கும் சொன்னவள் கடைசியில் வீட்டையே ரெடிமேடாக வாங்குகிறேன். சிரித்துக்கொள்.

கட்டட அனுமதி அலுவலகத்தில் என் விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். வீட்டுக்கும் எல்லைக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஐந்தடி விட வேண்டுமாம். பக்க இடைவெளி என்று அதற்குப் பெயர். என் பாதியின் அகலம் இருபத்திரண்டு அடி, வீடு பதினான்கு அடி. ஒரு பக்கம் சந்து. அங்கே ஐந்தடியில் விரற்கடைகூடக் குறைக்க முடியாது. மறுபக்கம் உன் பாதி. அங்கே மூன்றடிதான் மிஞ்சுகிறது. பக்கத்து நிலத்துக்காரர் "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மூன்றடியே போதும் என்று விதியில் இடம் இருக்கிறது. அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

போனில் கேட்டிருக்கலாம். நாம் மூன்று நிமிடம் பேசினால் நான்காவது நிமிடத்தில் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். அதனால்தான் கடிதம்.

தொழிற்சாலையில் மார்ச் 31 வரை வீட்டை எனக்காக வைத்திருப்பார்கள். அதற்குள் அனுமதி வராவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் ஒன்றரை வருடம் காத்திருக்க வேண்டும். எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது. பொறுமை இருக்கிறது, வருடம்தான் கம்மி.

அன்புடன்,
உன் அண்ணி

&nbsp;

ஜனவரி 16

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நலம்.

அண்ணன் போய் ஐம்பத்தொன்றாவது நாள் நில அளவைக்காரர் சங்கிலியோடு வந்தார். நீங்கள் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். அப்பாவிடமிருந்து எங்கள் இருவருக்கும் பொதுவாக வந்த நிலம் அது. நடுவில் கல் நட்டு இரண்டாக்கினீர்கள். நானும் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அப்போது ஒரு அங்குலம்கூட உங்களுக்கு விட்டுப்போகவில்லை. இப்போது மட்டும் இரண்டடி எப்படிக் குறைந்தது?

எனக்கு ஆட்சேபணை இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கில்லை.

இன்னொன்று. பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவள் நான். காகிதக் கட்டு முழுவதையும் காட்டாமல் கடைசித் தாளில் மட்டும் கையெழுத்துக் கேட்பது எந்த அலுவலகத்திலும் வழக்கமில்லை. கேட்கிறவர்கள் அதையாவது தெரிந்துகொண்டு கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
நாத்தனார்

&nbsp;

ஜனவரி 24

அன்புள்ள ஆபீசரம்மாவுக்கு,

உன் அண்ணன் உனக்கு வைத்த பெயர் சரியாகத்தான் இருக்கிறது. நீ "அன்புள்ள" போடவில்லை. பரவாயில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து நானே போட்டிருக்கிறேன்.

நீ கேட்டபடி முழுக் கட்டையும் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மொத்தம் பத்தொன்பது தாள். அலுவலகத்தில் கேட்டதெல்லாம் இருக்கிறது. கேட்காததும் இருக்கும். டிரங்குப் பெட்டியில் கிடந்ததை அப்படியே வாரிக் கொடுத்தேன். நான் எல்லாவற்றையும் படிக்கவில்லை. படித்தது என் வீட்டுப் படத்தை மட்டும்தான்.

அந்த அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னால் நீயே சிரிப்பாய். மூன்றாம் ஜன்னலில் இருக்கும் அதிகாரி விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எப்பம்மா கட்ட ஆரம்பிக்கிறீங்க?"

"கட்டல சார். கொண்டு வரேன்."

"எதை?"

"வீட்டை."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டை எதுலம்மா கொண்டு வருவீங்க?"

"லாரியில."

"அப்ப இது வண்டிக் கணக்கா, வீட்டுக் கணக்கா? சக்கரம் இருக்கா?"

"லாரிக்கு இருக்கு சார். வீட்டுக்கு இல்ல."

பக்கத்து ஜன்னல்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் தொழிற்சாலை கொடுத்த படப்புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார்கள். சக்கரம் இருந்தால் வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அஸ்திவாரம் போட்டு உட்கார வைக்க வேண்டும், உட்கார்ந்துவிட்டால் அது கட்டடம்தான் என்று முடிவு செய்தார்கள். அதற்கே ஒரு மதியம் போயிற்று. அதன் பிறகுதான் பக்க இடைவெளியைக் கண்டுபிடித்தார்கள்.

மகன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகள் தங்கம். ஆனால் என் கட்டில் துவைக்கும் மெஷினுக்கும் இஸ்திரி மேஜைக்கும் நடுவில் கிடக்கிறது. மெஷின் பிழிகிற நேரத்தில் கட்டிலும் என்னைச் சேர்த்துப் பிழிகிறது. அறைக்குக் கதவு கிடையாது. திரைதான், அதையும் நானே தைத்தேன். யார் வந்தாலும் வெளியே நின்று "அம்மா, வரலாமா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன்னே உள்ளே வந்துவிடுகிறார்கள். திரையைத் தட்ட முடியாதல்லவா? எனக்குத் தட்டுகிற மாதிரி ஒரு கதவு வேண்டும். அவ்வளவுதான்.

கல் நட்ட விஷயத்துக்குப் பதில் எழுதவில்லை. திட்ட வேண்டியதைத் திட்டிக்கொள். காகிதத்தைப் பார்த்துவிட்டு, மனசு இருந்தால் போட்டு அனுப்பு.

அன்புடன்,
அண்ணி

&nbsp;

பிப்ரவரி 2

அண்ணிக்கு,

பத்தொன்பது தாளையும் மேஜையில் பரப்பிவிட்டேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாளாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார். "ரிட்டயர் ஆனது நீதானா, இல்ல உன் நாற்காலி மட்டும்தானா?" என்று கேட்டார்.

ஏழாவது தாள் தொழிற்சாலைக்காரர்கள் கொடுத்தது. வீட்டின் வெளி அளவு என்று அதில் அச்சடித்திருக்கிறது: அகலம் பன்னிரண்டு அடி, நீளம் முப்பது. நான்காவது தாள் உங்கள் வரைபடக்காரர் போட்ட படம். அதே வீட்டுக்கு அகலம் பதினான்கு, நீளம் முப்பத்திரண்டு. தொழிற்சாலையிலிருந்து உங்கள் நிலத்துக்கு வருகிற வழியில் வீடு எப்படி இரண்டடி வளர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. வரைபடத்திலேயே அவருடைய போன் எண் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த அம்மாதாங்க அளவு குடுத்தாங்க. நோட்டுல எழுதியே கொண்டு வந்தாங்க. 'சுத்தி ஒரு அடி விட்டிருக்கேன், அப்புறம் பத்தாமப் போச்சுன்னா பிரிச்சு விட முடியாது பாருங்க'ன்னு சொன்னாங்க. நான் சுவத்துப் பூச்சுக்கு ஏதோ சொல்றாங்கன்னு நெனச்சேன்."

அண்ணி, நீங்கள் வீட்டுக்குத் தையல் விட்டிருக்கிறீர்கள்! பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டைக்கு விடுகிற மாதிரி, வளர்கிற பிள்ளை, அடுத்த வருடம் பிரித்து விடலாம் என்று சுற்றிலும் ஒரு அடி! இரும்புச் சட்டத்தில் செய்த வீட்டை நனைத்தால் சுருங்காது. அது வளரவும் வளராது.

பன்னிரண்டு அடி வீடு இருபத்திரண்டு அடி நிலத்தில் நின்றால் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. கச்சிதம். ஆகவே என் கையெழுத்து உங்களுக்குத் தேவையில்லை. யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. படத்தை மாற்றி வரைந்து கொடுங்கள். மேலே ஒரு தாளில் "அளவு திருத்தப்பட்டது, தாள் 7 காண்க" என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஏழாவது தாளை யாரும் திறக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன், திறக்கவே மாட்டார்கள். அஸ்திவாரத்தையும் இதே அளவில் போடச் சொல்லுங்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். மார்ச் 31 தானாகவே போயிருக்கும். காகிதத்தில் தப்பைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது. வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
நாத்தனார்

&nbsp;

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணி,

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. தபாலில் போட்டுவிட்டு வந்த பிறகு உட்கார முடியவில்லை.

பதினொன்றாவது தாளைப் பற்றித்தான். நிலத்தைப் பிரிக்கக் கேட்டுக் கொடுத்த முதல் விண்ணப்பம். உங்களுடையதாக இருக்கும் என்று எடுத்தேன். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் அண்ணனின் கையெழுத்து இருக்கிறது. தேதி, அவர் போவதற்கு எட்டு மாதம் முன்னால். அளவைக்காரர்கள் வழக்கம்போலத் தாமதமாக வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரிப்பதற்கான காரணம் என்ற கட்டத்தில் தன் கோழிக்கிறுக்கலில் எழுதியிருக்கிறார்: "பின்னாளில் என் மனைவிக்கும் தங்கைக்கும் சச்சரவு வராமல் இருக்க."

வாழ்க்கையில் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றே ஒன்றுதான், அன்றைக்குப் போட்டது. அந்தக் காகிதக் கட்டில் இந்தத் தாளும் இருந்திருக்கும். நான் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? ஆறு வருடம், அண்ணி.

நாத்தனார்

&nbsp;

மார்ச் 1

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் பிப்ரவரி 3 கடிதத்துக்கு மூன்று தடவை பதில் எழுதிக் கிழித்தேன். முதல் தடவை அழுகையாக வந்தது. இரண்டாவது தடவை உபதேசமாக வந்தது. மூன்றாவது தடவை உன்னைத் திட்டியிருந்தேன். இது நான்காவது. எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், நீ அன்றைக்கு இருந்த இருப்பில் உனக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது. போனவரைத் திட்ட முடியாது. இருக்கிறவளைத் திட்டலாம். சரி, இரண்டு மாதம் திட்டட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் போனதும், அவளாகக் கேட்கட்டும் என்று எனக்கும் வீம்பு வந்துவிட்டது. பாதி உனக்காகச் சொல்லவில்லை, பாதி என் திமிரால் சொல்லவில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் மூன்று தாளைக் கிழித்தேன்.

உன் அண்ணனைப் பார். சச்சரவு வராமல் இருக்க அவர் ஏற்பாடு செய்த கல்லாலேயே நாம் ஆறு வருடம் சச்சரவு செய்தோம். இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

தையல் விட்ட கதை இங்கே பரவிவிட்டது. மருமகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொள்கிறாள். மகன், "அம்மா, வீட்டுக்குப் பொத்தான் எங்க வைக்கிறீங்க?" என்கிறான். அந்த மூன்றாம் ஜன்னல் அதிகாரி திருத்திய படத்தைப் பார்த்து, "யாரும்மா இதைக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். "என் நாத்தனார் சார், ஆபீஸ்ல இருந்தவங்க" என்றேன். "அதான பார்த்தேன்" என்றார். நீ மேலே வைக்கச் சொன்ன தாள் இல்லாமல் ஏழாவது தாளை அவரும் திறந்திருக்க மாட்டாராம், அவரே சொன்னார்.

அனுமதி பிப்ரவரி 20 அன்று வந்துவிட்டது! முத்திரை கொஞ்சம் கோணல், ஆனால் முத்திரைதான். அஸ்திவாரம் போட்டாகிவிட்டது, பன்னிரண்டுக்கு முப்பது, ஒரு நூல் கூடக் கூடுதல் இல்லை. வீடு மார்ச் 14 அன்று வருகிறது.

இப்போது ஒரு தொல்லை. வேண்டாம் என்று நீ தள்ளிய கையெழுத்தை மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது. சந்தில் லாரி நின்றால் கிரேனுக்கு இடம் இல்லை. கிரேன் உன் பாதியில்தான் நின்றாக வேண்டும். "அடுத்தவங்க நிலத்துல எழுத்துல குடுக்காம சக்கரம் வைக்க மாட்டேன்"ங்கிறார் கிரேன்காரர். ஒரு நாள் போதும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணி

&nbsp;

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. இரண்டு பிரதி. ஒன்று கிரேன்காரருக்கு, ஒன்று உங்களுக்கு. நகல் வாங்காமல் எதையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

நிபந்தனை ஒன்றுதான். நில உரிமையாளர் நேரில் இருக்க வேண்டும். காலை ஏழரை பஸ்ஸில் வருகிறேன். சாப்பாடு கட்டிக்கொண்டு வருவேன், நீங்கள் அலைய வேண்டாம். முத்திரை போட்ட படத்தை மறக்காமல் எடுத்து வையுங்கள்.

நாத்தனார்

&nbsp;

மார்ச் 18

அன்புள்ள அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் மட்டும் இன்னும் கோபமாக இருக்கிறது.

அன்றைக்கு நடந்ததை முறையாக எழுதி வைக்க வேண்டும். ஏனென்றால் முக்கியமான பத்தொன்பது நிமிடமும் நீங்கள் லாரிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றீர்கள். "சொல்லு, விழுந்துடுச்சா? விழுந்துடுச்சா?" என்று கேட்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஆகவே, நடந்தது இது.

கிரேன் என் பாதியில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. பத்து நாற்பதுக்கு வீடு லாரியை விட்டுக் கிளம்பியது. வெள்ளைச் சுவர், சாம்பல் ஓரம், சமையல் மூலையில் குழாய்கூட மாட்டியிருந்தது. ஒரு முழு வீடு தலைக்கு மேலே போவதை நான் பார்த்ததில்லை. கொக்கியில் மாட்டிய சட்டை மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே வந்தது. அஸ்திவாரத்துக்கு மேலே வந்து நின்றது. இறக்கப் போகிறார்கள். அப்போதுதான் கவனித்தேன், கதவு பின்பக்கம் பார்த்திருந்தது. லாரியில் தலைமாற்றி ஏற்றிவிட்டிருக்கிறார்கள்.

"நிறுத்துங்க! கதவு சந்தைப் பார்த்து வரணும்" என்றேன்.

கிரேன்காரர் எட்டிப் பார்த்தார். "எந்தப் பக்கம் இருந்தா என்ன மேடம்? எப்படியும் சுத்தி உள்ளதான போகப் போறாங்க?"

"முத்திரை போட்ட படத்துல தெக்க இருக்கு. வடக்க வெச்சா இது அனுமதி இல்லாத வீடு. நாளைக்கு நீங்களே வந்து தூக்கணும்."

"காத்து வருது மேடம். இப்ப திருப்பறது ரிஸ்க்கு."

"அப்ப காத்து நிக்கட்டும். நானும் நிக்கிறேன், வீடும் நிக்கட்டும். நீங்க நிக்கிறது என் நிலம், ஞாபகம் வெச்சுக்குங்க."

ஏழு நிமிடம் உங்கள் வீடு ஆகாயத்தில் காத்திருந்தது. காற்று அடங்கியதும் இரண்டு பேர் கயிற்றைப் பிடித்துப் பாதி வட்டம் திருப்பினார்கள். பத்து ஐம்பத்தொன்பதுக்கு உட்கார்ந்தது. சத்தம் அதிகம் இல்லை. பெரிய புத்தகத்தை மூடினால் வருமே, அவ்வளவுதான். போகும்போது கிரேன்காரர் என் வீட்டுக்காரரின் போன் எண்ணைக் கேட்டார். எதற்கு என்றேன். "அனுதாபம் சொல்லத்தான் மேடம்" என்றார்.

அப்புறம் நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். அதன் பிறகு நடந்ததை எழுத வேண்டியதில்லை. இரண்டு பேரும் அங்கே இருந்தோம்.

அதிகாரி கடைசியாக அளக்க வரும்போது பஸ் நேரம் ஆகிவிட்டதால் நான் இல்லாமல் போய்விட்டது. என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள். இரண்டு பக்கமும் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். "எல்லாம் சரியாகிவிட்டது" என்று மொட்டையாக எழுத வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

&nbsp;

ஏப்ரல் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

அங்குலக் கணக்கு முதலில். சந்துப் பக்கம் ஐந்தடி, நேர். உன் பக்கமும் ஐந்தடி, நேர். அதிகாரி டேப்பை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஐந்தடி பார்த்ததில்லைம்மா. எல்லாரும் நாலே முக்கால விட்டுட்டு அஞ்சுன்னு சாதிப்பாங்க" என்றார். குடியிருக்கலாம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார். தேதி மார்ச் 27.

மகனும் மருமகளும் வந்து தையல் மெஷினை இறக்கிவிட்டுப் போனார்கள். மருமகள் அழுதாள். "துவைக்கிற மிஷின் தனியா இருக்கும்லம்மா" என்றாள். அவளும் நம் குடும்பத்தாள்தான், அழும்போதும் கிண்டல்.

முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. பயத்தால் அல்ல. கதவைச் சாத்துவதும் திறப்பதுமாக இருந்தேன். கிறுக்குத்தான், யாரிடமும் சொல்லாதே. மறுநாள் காலை ஒருத்தி வந்து தட்டினாள். சந்தின் மூன்றாவது வீட்டுக்காரியாம். "யாரு?" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? அவள் பெயரைச் சொன்ன பிறகும் தெரியாத மாதிரி இன்னொரு தடவை "யாரு?" என்றேன்.

சான்றிதழோடு வீட்டுக்கு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் தகரத்தில் அடித்தாகிவிட்டது. தபால்காரர் வந்து பார்த்து, தன் நோட்டில் குறித்துக்கொண்டார். "இந்த நம்பருக்கு இதுவரைக்கும் ஒண்ணும் வரலம்மா, வந்தா கொண்டாந்து தரேன்" என்றார். புது வீட்டுக்கு முதலில் எப்போதும் மின்சார பில்தான் வருமாம். பத்தாம் தேதி அனுப்புவார்களாம்.

இந்த வீட்டுக்கு வருகிற முதல் தபால் பில்லாக இருப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. கேட்க ஒரு காரியமும் இல்லை, கையெழுத்தும் வேண்டாம், உனக்குத் தோன்றுவதை எழுது. உன் முழங்காலைப் பற்றி எழுது. என்னைத் திட்டியே எழுது. ஒன்பதாம் தேதிக்குள் வந்து சேருகிற மாதிரி போட்டுவிடு. விலாசத்தை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

தபாலைப் போட்டுவிட்டுப் போகாமல் கதவைத் தட்டும்படி தபால்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். சந்தில் அவர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து போய்க் கதவுக்கு இந்தப் பக்கமாக நிற்கிறேன், தட்டட்டும் என்று.

அன்புடன்,
உன் அண்ணி